பெயருக்கு விட்ட இடம்

அந்த ஏழாம் நாள் காலையில் அறையில் இருந்தவர்கள் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தானும் அங்கே இருந்ததாக இன்று சொல்லிக்கொள்கிறவர்களைக் கூட்டினால் முப்பது பேராவது தேறுவார்கள். அந்த அறையில் எட்டு நாற்காலிக்கு மேல் போட இடமில்லை.

முதலில் மெழுகுப் பட்டறையின் முதலாளி, என் தங்கையின் கணவர். கண்களைச் சுற்றி வெள்ளைத் துணிக்கட்டு. அவருக்கு இடப்பக்கம் என் தங்கை. அவளை அடுத்து அவர்களுடைய ஒரே மகள், அப்போது பத்தொன்பது வயது. எதிரே முதலாளியின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டிலேயே இருந்து, வீட்டுச் சாவிகளையும் எல்லோருடைய வாயையும் தன் கையில் வைத்திருந்தவர். கதவோரம் திரிக்காரர்; இருபத்திரண்டு வருடம் அந்தப் பட்டறையில் திரி முறுக்கியவர். கையில் வேதப் புத்தகத்தோடு எங்கள் கோயில் உபதேசியார். மேசைக்கு மிக அருகே, பெண் கொடுத்த வீட்டின் மூத்தவன் என்ற முறையில், சாட்சியாக நான். ஏழு பேர். நடுவில் ஒரு மெழுகுவர்த்தி.

எங்கள் குடும்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான்கு தலைமுறையாக மெழுகு உருக்குகிறவர்கள் நாங்கள். எங்கள் வீட்டு மெழுகுவர்த்தி புகைந்தது என்று யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. எங்கள் வீட்டுப் பெண் யாரும் கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்து தங்கியதில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

வேலை தெரியாதவர்களுக்காகச் சிலவற்றை விளக்குகிறேன். தங்கை வீட்டின் பின்கட்டில் பட்டறை. அங்கே ஒரு செப்புக் கொப்பரை, ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அகலம். அடியில் நேரடித் தீ. மெழுகுக் கட்டிகளை அடுக்கித் தீ மூட்டினால் ஒரு மணி நேரத்தில் உருகும். மேலே மிதக்கும் அழுக்கை நீளக் கரண்டியால் வழித்தெடுக்க வேண்டும். அதற்குப் பிறகு பதம் பார்ப்பது. மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம். சுரீர் என்று சுட்டு, மூன்று எண்ணுவதற்குள் வெள்ளையாகப் படிந்தால் பதம். சூடு அதிகமாகிவிட்டிருந்தால் தோல் அதோடு வந்துவிடும். உருக்குகிறவர் தன் மணிக்கட்டில்தான் விட்டுப் பார்க்க வேண்டும் என்பது முறை. என் அப்பாவின் இடது மணிக்கட்டில் ஒரு மயிர்கூடக் கிடையாது. மீன் வயிறு மாதிரி பளபளவென்றிருக்கும்.

மாலையில் கொப்பரையைக் கழுவித் துடைத்துக் குப்புறக் கவிழ்த்து வைப்பது திரிக்காரரின் வேலை. ஒரு மிடறு தண்ணீர்கூட அதில் தங்கக் கூடாது. மெழுகுக்கு அடியில் தண்ணீர் கிடந்தால், மேலே மெழுகு மூடியிருக்க, கீழே தண்ணீர் கொதித்து வழி தேடும். வழி கிடைக்கும்போது மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு கிளம்பும்.

அந்த வருடம் பனி முன்னதாகவே இறங்கிவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் விரல் வைத்தால் விரல் ஒட்டுகிற குளிர். அப்படி ஒரு காலையில் முதலாளி தீ மூட்டினார், கட்டிகள் உருகும்வரை ரொட்டியும் தேநீரும் சாப்பிட்டார், கரண்டியோடு குனிந்தார். சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அவரைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் மெழுகு உறைந்து, வேறொருவருடைய முகத்தை எடுத்து ஒட்டியது போலிருந்தது. இமைகளைத் திறக்க மருத்துவர்களுக்கு இரண்டு நாளாயிற்று. திறந்தும் பயனில்லை.

கொப்பரை கவிழ்ந்து கிடந்திருந்தால் அதில் தண்ணீர் வராது. யாரோ நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றி, மேலே கட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். அல்லது திரிக்காரர் கவிழ்க்காமல், கழுவின தண்ணீரோடே கட்டிகளை அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். முதலாளியின் அக்காவுக்கு இந்த இரண்டாவது விளக்கம் போதுமானதாக இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் ஏதோ தாமதத்துக்காக முதலாளி திரிக்காரரை எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அடித்திருந்தார்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்த முதலாளி என்னை வரவழைத்தார்.

"எவன் பண்ணான்னு தெரிஞ்சாகணும் மச்சான். பாட்டு வாசிக்கச் சொல்லுங்க."

"முதல்ல உடம்பைப் பாருங்க மாப்பிள்ளை."

"பாக்கிறதுக்கு இனிமே எனக்கு என்ன இருக்கு."

அவர் சொன்னது தீர்ப்புப் பாட்டை. எபிரேயர்களின் பழைய வேதப் பாட்டுகளில், துன்மார்க்கன்மேல் கடவுளின் தீர்ப்பைக் கூப்பிடுகிற பாட்டுகள் உண்டு. ஆறுதல் தேடிப் படிக்கிறவர்கள் அந்தப் பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிடுவார்கள். துரத்தப்பட்டவன், போய் முறையிட வேறு இடமில்லாதவன், தன் வழக்கை நேராக மேலே கொண்டுபோய் வைத்துப் பேசுகிற பேச்சு அது. தனக்குத் தோண்டின குழியில் அவனே விழ வேண்டும் என்று கேட்கும். அவன் கண் இருண்டுபோக வேண்டும் என்று கேட்கும். தீக்கு முன்னால் மெழுகு என்ன ஆகுமோ அதுவே அவனுக்கும் ஆக வேண்டும் என்று கேட்கும். இந்தக் கடைசி வரியினாலோ என்னவோ, மெழுகுத் தொழில் செய்யும் எங்கள் நாலைந்து குடும்பங்கள் அந்தப் பாட்டைத் தங்களுடையதாக வைத்துக்கொண்டன.

வீட்டில் ஒரு கொடுமை நடந்து, செய்தவர் யார் என்று தெரியாவிட்டால், ஏழு காலை வாசிப்போம். பட்டறையில் தீ மூட்டுமுன் வாசிக்க வேண்டும். அந்த வீட்டிலேயே செய்த ஒரே மெழுகுவர்த்தி ஏழு நாளும் எரிய வேண்டும். பாட்டின் நடுவே ஓரிடத்தில் உபதேசியார் நிறுத்துவார். அங்கே எல்லோரும் கண்ணை மூடித் தலை குனிந்து, மனத்துக்குள் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்தவர் கண்ணைத் திறக்காமல் தலையை நிமிர்த்தலாம். எல்லாத் தலையும் நிமிர்ந்த பிறகுதான் அடுத்த வரி. பெயருக்கு விட்ட இடம் என்று அதைச் சொல்வோம். அந்த நேரத்தில் கண் திறந்திருப்பவர்கள் உபதேசியாரும் சாட்சியும் மட்டுமே. ஏழாம் நாள் மட்டும், விரும்பினவர் பெயரை வாய்விட்டுச் சொல்லலாம். சொன்னால் அது கடவுள் முன்னால் சொன்ன சாட்சி, ஊரும் ஏற்றுக்கொள்ளும். பாட்டு முடிந்ததும் உபதேசியார் பித்தளை மூடியால் தீயை மூடுவார். நடுவில் அணைந்துவிட்டால் வழக்கு முடிந்தது. அந்தக் காரியத்துக்காக அந்த வீட்டில் மறுபடி வாசிக்கக் கூடாது.

மெழுகை என் தங்கை மகள் உருக்கி வார்த்தாள். திரியை யார் முறுக்குவது என்பதில் ஒரு பேச்சு எழுந்தது.

"சந்தேகப்படுற ஆள் கையாலயே திரியா?" என்றார் முதலாளியின் அக்கா.

"அப்ப நீங்களே முறுக்குங்கம்மா," என்றார் திரிக்காரர். "ஒண்ணே ஒண்ணு, அது எரியணும்."

அவரே முறுக்கினார். உப்புநீரில் ஊறவைத்து, அடுப்பு மேடையில் காயவைத்து, மூன்று புரியாக. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

முதல் நாள் காலை தீ நேராகத்தான் எழுந்தது. உபதேசியார் வாசிக்க ஆரம்பித்ததும் மெல்லச் சாய்ந்தது. முதலாளி இருந்த பக்கம் சாய்ந்து, அப்படியே நின்றது. காற்று வரும் பக்கத்துக்கு எதிராகத் தீ சாயும் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகவே மறுநாள் ஜன்னல்களை அடைத்தோம். கதவின் கீழே சாக்கை மடித்துச் செருகினோம். சாய்ந்தது. மூன்றாம் நாள் உபதேசியார் ஒன்றும் பேசாமல் நாற்காலிகளை இடம் மாற்றிப் போட்டார். முதலாளி வடக்கிலிருந்து தெற்குக்கு வந்தார். தீயும் வந்தது. நான் இதற்குக் காரணம் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலாளிக்கு அது தெரியாது. ஒவ்வொரு நாளும் கட்டுப் போட்ட முகத்தை நிமிர்த்திக் கேட்பார்: "தீ எந்தப் பக்கம் சாயுது?"

"நேரா நிக்குதுப்பா," என்பாள் மகள்.

கண் இருளட்டும் என்ற வரி வரும்போது எல்லோரும் தங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டோம். அந்த வரிக்கு முதலில், சத்தமாக, ஆமென் சொன்னவர் முதலாளிதான்.

பெயருக்கு விட்ட இடம் நாளுக்கு நாள் நீண்டது. முதலாளியின் அக்கா குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்துவிடுவார். அவருக்குப் பெயர் தயாராக இருந்தது. திரிக்காரர் நிமிர்வார். மகள் நிமிர்வாள். கடைசித் தலை எப்போதும் என் தங்கையுடையது. நாலாம் நாள் அவள் நிமிர எடுத்துக்கொண்ட நேரத்தில், பக்கத்து அறைக் கடிகாரம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். பிறகு போய்ப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஐந்தாம் நாள், அந்த மௌனத்தின் நடுவில், பேசக் கூடாத இடத்தில், முதலாளி பேசினார்.

"யாரோ ஒருத்தர் பேர் சொல்லாம உக்காந்திருக்கீங்க. எனக்குக் கேக்குது."

உபதேசியாரின் விரல் வரியிலிருந்து நழுவி, மறுபடி தேடிப் பிடித்தது.

இதற்கிடையில் திரிக்காரரின் நிலை மோசமாகிவிட்டது. அவருக்குத் தேநீர் கொடுக்கும் கோப்பையை முதலாளியின் அக்கா தனியாக, ஜன்னல் ஓரத்தில் வைக்க ஆரம்பித்தார். தெருவில் அவர் வரும்போது பேச்சு நின்று, போன பிறகு தொடர்ந்தது. திரிக்காரரின் மனைவி வந்தால் ரொட்டிக் கடைக்காரர் கடைசியாகக் கவனித்தார். ஆறாம் நாள் வாசிப்பு முடிந்து வெளியே வரும்போது திரிக்காரர் என்னோடு கூடவே நடந்தார்.

"பெரியவரே, நான் கவுத்துட்டுத்தான் போனேன். கவுத்துட்டு ரெண்டு தட்டு தட்டுவேன், குதிரையை லாயத்துல விட்டுட்டுத் தட்டுற மாதிரி. இருபத்திரண்டு வருசப் பழக்கம். அன்னைக்கும் தட்டுனேன்."

"கடவுள் பாத்துக்குவார்," என்றேன்.

"அவரு பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. நீங்களும் கொஞ்சம் பாருங்க," என்று சொல்லிவிட்டு, சிரித்தும் வைத்தார். அவருடைய சுபாவம் அது.

அன்று மதியம் தங்கையைத் தேடிப் பட்டறைக்குப் போனேன். அவள் ஏணியில் நின்று, கத்தியால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அன்று சிதறின மெழுகு சுவரிலும் உத்தரத்திலும் அப்படியே உறைந்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் சுவர் வெறுமையாக, ஒரு மனிதன் குனிந்து நின்ற வடிவில் இருந்தது. அவள் அந்த வடிவத்தைச் சுற்றித்தான் சுரண்டினாள்.

"அண்ணா," என்றாள், திரும்பாமல். "தண்ணி ஊத்தினது நான்."

ஒரு சீவல் மெழுகு தரையில் விழுந்தது.

"ரெண்டு குடம். திரிக்காரர் ரெண்டு தட்டு தட்டிட்டுப் போனது கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் நிமிர்த்தினேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று எனக்குத் தெரியும். கேட்காமலேயே வந்தது.

"முந்தின நாள் பதம் பாக்க உங்க மாப்பிள்ளை என்னைக் கூப்பிடல. அவளைக் கூப்பிட்டார். 'உன் தோல் மரத்துப் போச்சு, இனிமே உன் மக வரட்டும்'னார்."

ஏணியிலிருந்து இறங்கி, இடது கையின் சட்டையை மேலே தள்ளி, எனக்கு முன்னால் நீட்டினாள். நீட்டியிருக்க வேண்டியதில்லை. அந்த மணிக்கட்டை நான் முன்பே பார்த்திருக்கிறேன். தன் கையில் விட்டுப் பார்க்க வேண்டிய சொட்டை என் மாப்பிள்ளை இருபது வருடம் எங்கே விட்டுப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். மணிக்கட்டில் ஆரம்பித்து முழங்கை வரை, அம்மைத் தழும்பு போல, வரிசையாக.

"மூணு தடவை உங்க வீட்டுக்கு வந்தேன். மூணு தடவையும் நீங்களே திருப்பிக் கொண்டுவந்து விட்டீங்க. இந்தக் கையைப் பிடிச்சுத்தான் கூட்டிட்டு வந்தீங்க அண்ணா."

உண்மை. மூன்றாவது முறை வழியில் அவளுக்கு ஒரு ஜோடி செருப்பும் வாங்கிக் கொடுத்தேன்.

நடந்தது நடந்துவிட்டது, இனி வாயைத் திறக்காதே என்றேன். நாளையோடு பாட்டு முடிந்துவிடும் என்றேன்.

"முடிஞ்சா திரிக்காரர் தலையில விழுமே."

"அவர் வேற எங்கயாவது போய்ப் பிழைச்சுக்குவார். நம்ம குடும்பம் எங்க போகும்?"

அவள் கத்தியில் ஒட்டியிருந்த மெழுகை விரலால் வழித்து உருட்டினாள். சிறுவயதில் அப்படி உருட்டிக் குருவி செய்வாள். இப்போது வெறும் உருண்டைதான் வந்தது.

"நாளைக்குப் பேர் சொல்லப் போறேன். வாய்விட்டு."

"உன் பேரையா?"

"அந்தப் பாட்டை ஆறு நாளா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க. கெடுதல் செஞ்சவனை மட்டுமா அது கேக்குது? தூர நின்னு பாத்துக்கிட்டிருந்த சொந்தக்காரங்களையும் கேக்குது. எனக்கு ஒரு பேர் பத்தலண்ணா. அதான் தினமும் நேரமாகுது."

வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டை எடுத்து நானே படித்துப் பார்த்தேன். அவள் சொன்ன வரி இருந்தது. ஐம்பது வருடமாகக் கேட்ட பாட்டு. அந்த வரியைக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஏழாம் நாள் பனி அறைக்குள்ளேயே இருப்பது போலிருந்தது. பேசினவர்கள் வாயிலிருந்து ஆவி வந்தது. மெழுகுவர்த்தி நாலு விரல்கடை மிச்சம். முதலாளியின் பக்கம் உருகி வழிந்து குட்டையாகியிருந்தது. என் பக்கம் சுவர் போல நின்றிருந்தது. உபதேசியார் தீ ஏற்றினார்.

முதலாளி கேட்டார்: "தீ எந்தப் பக்கம் சாயுது?"

மகள் தீயையும் என்னையும் பார்த்தாள். பிறகு, "நேரா நிக்குதுப்பா," என்றாள்.

தீ என் பக்கம் சாய்ந்திருந்தது. நாற்காலியைச் சற்றே நகர்த்தினேன். இருமுவது போல இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். முகத்தில் அதன் சூடு படும் அளவுக்கு அது குனிந்து வந்தது. என் பக்கத்துச் சுவர் உடைந்து, முதல் ஓடை என்னை நோக்கி இறங்கியது.

உபதேசியார் அந்த இடத்தில் நிறுத்தினார். தலைகள் குனிந்தன. முதலாளியின் அக்கா நிமிர்ந்தார். முதலாளி நிமிர்ந்தார். திரிக்காரர் நிமிர்ந்தார், மூடிய கண்ணோடு அவர் முகம், முடி வெட்டத் தலையைக் கொடுத்தவர் முகம் போல அமைதியாக இருந்தது. மகள் நிமிர்ந்தாள். என் தங்கை குனிந்தே இருந்தாள். அவளுடைய மூச்சு மேசைமேல் புகை போல வந்து வந்து போயிற்று. பிறகு நிமிர்ந்தாள். இன்றைக்கு அவள் முகத்தில் களைப்பு இல்லை. உதடு பிரிந்தது.

அறை இருண்டது.

"அணைஞ்சுருச்சா?" என்றார் முதலாளி. மெழுகு வேலை செய்கிறவர் மூக்கு. திரி கருகின வாடை அவருக்குத்தான் முதலில் போயிற்று. "அணைஞ்சுருச்சா, சொல்லுங்க."

உபதேசியார் புத்தகத்தை மூடினார். வெகுநேரம் மேசையையே பார்த்தார். "அணைந்துவிட்டது," என்றார். "வழக்கு முடிந்தது."

முதலாளியின் அக்கா திரை விலக்கினார். சாம்பல் நிற வெளிச்சம் வந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. திறந்த உதட்டை என் தங்கை எப்போது மூடினாள் என்று எனக்குத் தெரியாது. வழக்கம் போலவே ரொட்டியும் தேநீரும் கொண்டுவந்து வைத்தாள். என் தட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஈரத்துணியை மடித்து வைத்தாள்.

"கையைத் துடைச்சுக்கோங்கண்ணா," என்றாள்.

அதற்குப் பிறகு அந்தக் காரியத்தைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை. பதினொரு வருடம் கணவரைக் கைபிடித்து நடத்திச் சென்றாள். மாலையில் விளக்குக்குப் பதில் மெழுகுவர்த்தி ஏற்றினால் அவர் கேட்பார், தீ எந்தப் பக்கம் சாயுது என்று. நேரா நிக்குது என்று சொல்லிக்கொண்டே சாப்பாடு ஊட்டுவாள். மகள் அடுத்த வருடமே வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். நான் எழுதும் கடிதங்கள் பிரிக்கப்படாமல் திரும்பி வருகின்றன. முதலாளி போய், அவர் அக்கா போய், உபதேசியாரும் போய், சென்ற பனிக்காலத்தில் என் தங்கையும் போனாள்.

திரிக்காரர் அந்த வாரமே கிளம்பினார். திரி முறுக்கும் கொக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்.

"என் திரி அப்படி அணையாது பெரியவரே," என்றார்.

நான் கதவில் கை வைத்தபடி நின்றேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு போனார். எந்தப் பட்டறையும் அவரை எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கடைசிவரை மூட்டை தூக்கித்தான் பிழைத்தாராம்.

என்னுடைய வலது கைப் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் அன்றிலிருந்து சூடு உறைப்பதில்லை. மெழுகுவர்த்தி ஏற்றுவதையும் விட்டுவிட்டேன். எங்கே உட்கார்ந்தாலும் தீ என்னைப் பார்க்கிறது.

இப்போது இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்த வீட்டில் குற்றமில்லை என்று காட்டக் கடவுளே தீயை அணைத்தார் என்கிறார்கள் சிலர். குற்றவாளியான திரிக்காரர், ஏழாம் நாள் அணைவது போல வேண்டுமென்றே பழுதான திரியை முறுக்கி வைத்தார் என்கிறார்கள் மற்றவர்கள். பிந்தையதுதான் அதிகம் பரவியிருக்கிறது. அவருடைய பேரனிடமும் யாரோ சொன்னார்களாம்.

இரண்டும் தவறு. அந்தத் திரியில் ஒரு குற்றமும் இல்லை. அணைத்தது நான்.